குணம்தான் நோய்க்குக் காரணமா? ஐசென்க் ஆய்வு தரும் படிப்பினை

எண்ணூர், திருவொற்றியூர், ராயபுரம் பகுதிகளில் நோயாளிகளை நலம் விசாரிக்கச் செல்லும்போது ஒரு பேச்சு அடிக்கடி நம் காதில் விழும்: "எல்லாத்தையும் மனசுலயே போட்டு அடக்கிக்கினாரு, அதான் இந்த நோவு வந்துடுச்சு." இந்த எண்ணத்துக்கு ஒருகாலத்தில் அறிவியல் முத்திரை கொடுத்தவர் உளவியலாளர் ஹான்ஸ் ஐசென்க். அவருடைய ஆய்வையும் அதன் முடிவையும் நாம் தெரிந்துகொள்வது நல்லது.

யார் இவர்?

1916-இல் பெர்லினில் பிறந்தவர். ஹிட்லர் ஆட்சிக்கு வந்த பின் ஜெர்மனியை விட்டு வெளியேறி லண்டனில் குடியேறினார். அங்குள்ள மனநல மருத்துவ நிறுவனத்தில் 1955 முதல் 1983 வரை உளவியல் பேராசிரியராக இருந்தார். 1997-இல் இறந்தார். ஒருவர் கலகலப்பானவரா, தனிமை விரும்பியா, எளிதில் கலங்குபவரா, நிதானமானவரா என்பதை வினாப் பட்டியல் மூலம் அளக்கும் இவரது முறை உலகெங்கும் பரவியது.

என்ன சொன்னார்?

1980-களில் இவரும் ஜெர்மனியில் ஆய்வு செய்துவந்த ரொனால்ட் கிரோசார்ட் மாட்டிசெக்கும் இணைந்து கட்டுரைகள் வெளியிட்டனர். உணர்ச்சிகளை உள்ளேயே அடக்கி நம்பிக்கை இழப்பவருக்குப் புற்றுநோயும், கோபமும் பகைமையும் மிகுந்தவருக்கு இதய நோயும் வரும் என்றனர். புகைப்பழக்கத்தைவிடக் குணமே பல மடங்கு பெரிய காரணம் என்றும், பேச்சுவழி சிகிச்சையால் இந்த மரணங்களைப் பெருமளவு தடுக்கலாம் என்றும் வாதிட்டனர்.

எப்படிச் சரிந்தது?

இந்த முடிவுகள் நம்ப முடியாத அளவுக்குப் பெரிதாக இருப்பதாக 1990-களிலேயே மருத்துவ ஆய்வாளர்கள் கேள்வி எழுப்பினர். அமெரிக்க சிகரெட் தொழில்துறையிடமிருந்து ஐசென்க் 8 லட்சம் பவுண்டுக்கு மேல் பெற்றிருந்தது 1996-இல் வெளிச்சத்துக்கு வந்தது. 2019-இல் லண்டன் கிங்ஸ் கல்லூரி விசாரணை நடத்தி, இவர்கள் சேர்ந்து எழுதிய 26 கட்டுரைகள் நம்பத்தக்கவை அல்ல என்று அறிவித்தது. அடுத்த ஆண்டே ஐசென்கின் 14 கட்டுரைகளை ஆய்விதழ்கள் திரும்பப் பெற்றன. புகையால் வந்த நோய்க்குப் புகைத்தவரின் குணத்தைப் பொறுப்பாக்கினால் யாருக்கு லாபம் என்பதை நாம் சொல்லத் தேவையில்லை.

அப்படியானால் மன அழுத்தம் பொய்யா?

இல்லை. அழுத்தத்தின்போது அட்ரினலின், கார்ட்டிசால் சுரந்து இதயத் துடிப்பும் இரத்த அழுத்தமும் உயர்கின்றன. நாள்கணக்கில் தொடர்ந்தால் தூக்கம் கெடுகிறது, இதயம் பாதிக்கப்படுகிறது. 1985-இல் மைக்கேல் மார்மட் குழு லண்டன் அரசு ஊழியர்கள் 10,308 பேரை ஆராயத் தொடங்கியது. தம் வேலையில் தாமே முடிவெடுக்கும் உரிமை குறைந்தவர்களுக்கு இதய நோய் அதிகம் வருவதை அது கண்டறிந்தது. ஆக, அழுத்தத்தின் வேர் ஒருவரின் குணத்தில் மட்டும் இல்லை; அவருடைய வேலையிலும் சூழலிலும் இருக்கிறது. துறைமுக வாசலில் மணிக்கணக்கில் காத்துக் கிடக்கும் கண்டெய்னர் லாரி ஓட்டுநருக்கு இதை விளக்க வேண்டியதில்லை.

நம் பகுதியின் காற்றும் இதில் சேரும். 2023 டிசம்பர் 26 இரவு எண்ணூர் பெரியகுப்பத்தில் உரத் தொழிற்சாலையின் கடலடிக் குழாயிலிருந்து அம்மோனியா கசிந்து, பலர் மூச்சுத் திணறலுடன் மருத்துவமனைக்குப் போனார்கள். அன்று யாரும் அவர்களின் குணத்தைக் குறை சொல்லவில்லை. ஆனால் சாம்பலும் புகையும் ஆண்டுக்கணக்கில் மெல்ல மெல்லக் கொண்டுவரும் நோய் என்றால் உடனே குணத்தைச் சொல்லிவிடுகிறோம்.

மார்க்கம் காட்டும் வழி

கோபத்தை அடக்குமாறு நபி (ஸல்) அவர்கள் வலியுறுத்தினார்கள். நின்றிருப்பவர் உட்காரவும், அப்போதும் தணியாவிட்டால் படுத்துக்கொள்ளவும் கற்றுத் தந்தார்கள். மகன் யூசுஃப் (அலை) அவர்களைப் பிரிந்த துயரத்தால் யஃகூப் (அலை) அவர்களின் கண்கள் வெளுத்துப் போனதைக் குர்ஆன் கூறுகிறது. அழகிய பொறுமைக்கு எடுத்துக்காட்டாக நிற்பவரும் அவர்களே. எனவே கவலையால் உடல் நலிவது ஈமானின் குறை அல்ல. ஒட்டகத்தைக் கட்டிவைத்துவிட்டு அல்லாஹ்வின் மீது தவக்குல் வைக்கச் சொன்ன மார்க்கம் நம்முடையது. மருத்துவம் செய்துகொள்வதும் அந்தக் கட்டுதலில் ஒன்றுதான்.

நாம் செய்ய வேண்டியவை

நோயாளியிடம், "நீங்க கவலைப்பட்டதாலதான் வந்துச்சு" என்று சொல்வதை விட்டுவிடுவோம். "டாக்டரைப் பாத்தீங்களா, கூட வரவா?" என்று கேட்போம். இருமல் இரண்டு வாரத்துக்கு மேல் நீடித்தால் அரசு மருத்துவமனையில் இலவசமாகக் காசநோய்ப் பரிசோதனை செய்துகொள்ளலாம். மக்களைத் தேடி மருத்துவம் ஊழியர்கள் வீட்டுக்கு வந்தால் இரத்த அழுத்தத்தையும் சர்க்கரையையும் பார்த்துக்கொள்வோம். மனம் பாரமாக இருந்தால் 14416 என்ற டெலி மானஸ் எண்ணில் கட்டணமின்றிப் பேசலாம். சுத்தமான காற்றுக்காக ஊரார் குரல் கொடுக்கும்போது ஜமாஅத்துகளும் உடன் நிற்க வேண்டும்.

நோயுற்றோர் அனைவருக்கும் அல்லாஹ் பூரண ஷிஃபாவைத் தருவானாக. ஆமீன்.