செவிலியர் அறிந்த வரிசை



தண்டவாளமே இல்லாத இத்தீவில், இரயில் பயணத்துக்கு முன்பதிவு செய்து தரும் சாளரத்தின் பின்னே அமர்ந்து பணியாற்றுபவர் நாம். முந்தி வந்தவருக்கே முந்திச் சீட்டு என்பது நம் தொழிலின் அறம். அந்த அறமே எங்கும் பொருந்தும் என நெடுநாள் நம்பியிருந்தோம்.

சில ஆண்டுகளுக்கு முன் ஓரிரவு, வழுக்கி விழுந்து கை முறிந்த நம் அன்னையாரை மருத்துவமனை ஒன்றுக்கு அழைத்துச் சென்றோம். அன்னையார் வலி பொறாது அரற்றினார். நமக்குப் பின்னர் வந்த மீனவர் ஒருவர் ஓசையின்றிக் கிடந்தார். செவிலியர் நம்மைக் கடந்து அவரிடமே ஓடினார். நாம் குரலை உயர்த்தினோம். அவரோ, “ஐயா, அம்மாவுக்கு அழ முடிகிறது. அவருக்கு அதுவும் முடியவில்லையே” என்று கூறித் தம் பணியில் ஆழ்ந்தார்.

வருகையின் வரிசை வேறு, தேவையின் வரிசை வேறு என்பதை அன்று உணர்ந்தோம். நெப்போலியனின் படை மருத்துவர் லாரே, காயம்பட்டோரின் பதவியை நோக்காது காயத்தின் கடுமையையே நோக்கி முதலிடம் தந்தார் என்பது ஐரோப்பிய வரலாறு. ஆயினும் இவ்வுண்மைக்குச் சான்று தேடி நாம் கடல் கடந்து செல்ல வேண்டுவதில்லை.

1858ஆம் ஆண்டு ஆங்கிலேயர் இங்குக் கைதிகளின் குடியேற்றத்தை நிறுவியபோது, பேரந்தமானியப் பழங்குடியினர் சுமார் 5,000 பேர் இருந்தனர் என்பது ஒரு கணிப்பு. 1877இல் தட்டம்மை வந்தது. முன்னர் அந்நோயையே அறியாத உடல்கள் அதனை எதிர்க்கும் ஆற்றலின்றி மாய்ந்தன. குடியேற்றத்தில் தோன்றிய நோய் காட்டுக்குள்ளும் பரவிற்று. பேரந்தமானியருள் பாதிக்கு மேற்பட்டோர் அதனால் மடிந்திருக்கக் கூடும் எனப் பின்னாளில் போர்ட்மன் என்னும் ஆங்கில அதிகாரி எழுதி வைத்தார். 1961ஆம் ஆண்டின் மக்கள் கணக்கில் எஞ்சியோர் 19 பேரே!

இனி மற்றொரு காட்சியைக் காண்போம். 1996இல் கால் முறிந்த ஜாரவா இளைஞர் ஒருவர், பழைய செல்லுலார் சிறை வளாகத்தில் 1963இல் அமைந்த கோவிந்த வல்லப பந்த் மருத்துவமனைக்குக் கொண்டுவரப்பட்டார். பல மாதங்கள் பேணப்பட்டுக் குணமுற்றுக் காடு திரும்பினார். அடுத்த ஆண்டிலேயே, அதுகாறும் அம்பெய்து வந்த ஜாரவாக்கள் ஆயுதமின்றிப் பகலில் வெளிவரலாயினர். அந்நட்போடு நோயும் உடன் வந்தது. 1999இல் அவர்களிடையே தட்டம்மை பரவிற்று.

1877 மீண்டும் நிகழ்ந்திருக்கலாம். ஆனால் இம்முறை கதம்தலாவில் டாக்டர் ரத்தன் சந்திர கர் இருந்தார். அவர் ஜாரவா மொழியைக் கற்றவர். அவர்தம் வழக்கங்களை மதித்தவர். தட்டம்மையில் உயிரைக் குடிப்பது பெரும்பாலும் மேனியில் தோன்றும் தடிப்பன்று; அதன் பின் வரும் நிமோனியாவே. ஆகவே தடிப்பைக் கண்டு அஞ்சுவதைவிட, மூச்சின் வேகத்தை எண்ணி, எவர் இளைக்கிறார் எனக் காண்பதே முதற்பணி. அதனைக் காண்பவர் இரவும் பகலும் படுக்கையருகே நிற்கும் செவிலியரே. கதம்தலாவிலும் போர்ட் பிளேரிலும் நோயுற்றோர் சேர்க்கப்பட்டுப் பேணப்பட்டனர். அக்குலம் அழியவில்லை. 2001இல் 240ஆக இருந்த ஜாரவாக்கள் 2011இல் 380ஆயினர். டாக்டர் கர் 2023இல் பத்மஸ்ரீ விருது பெற்றார்.

2004 டிசம்பர் 26இல் கடல் பொங்கியபோது, சிறிய அந்தமானின் டுகாங் கிரீக்கில் ஓங்கே மக்களுடன் இருந்தவர் சாந்தி தெரசா லக்ரா என்னும் துணைச் செவிலியர். ஓங்கேக்கள் மேட்டுக் காட்டில் ஏறி உயிர் தப்பினர். அவரும் அவர்களோடு காட்டில் கூடாரமிட்டுத் தங்கி, மருந்துகளைச் சுமந்து நடந்து தொண்டாற்றினார். அருகே மருத்துவர் இல்லாத இடத்தில் எது இப்போது, எது பின்னர் என்பதை அவரே தீர்மானித்தாக வேண்டும். 2011இல் பத்மஸ்ரீ அவரையும் வந்தடைந்தது.

திருக்குறளின் மருந்து அதிகாரம் மருத்துவத்தை நோயாளி, மருத்துவர், மருந்து, அருகிருந்து பேணுபவர் என நான்காகப் பகுக்கின்றது. நான்கினுள் ஒன்று குறையினும் மற்ற மூன்றும் பயனற்றுப் போம். மருத்துவருக்கு மாலை சூட்டும் நாம், நான்காமவரை ஏவலர் போல் கருதி அதட்டுகிறோம். அவர் தீர்ப்பில் ஓர் உயிர் தொங்குகிறது என்பதை மறந்து விடுகிறோம்.

மரைன் ஹில் வாழ் அன்பர்களே, மருத்துவமனையில் உங்களைக் கடந்து செவிலியர் வேறொருவரிடம் ஓடினால், உங்கள் இல்லத்தார் அவரினும் நலமாக உள்ளனர் என எண்ணி ஆறுதல் கொள்ளுங்கள். அன்று அச்செவிலியரிடம் மன்னிப்புக் கேளாமலே வீடு திரும்பினோம். அவர் பெயரும் அறியோம். இம்மலரின் வாயிலாக இன்று கேட்கிறோம்.

செவிலியர் தொண்டு வாழ்க!