ஆவணத்தில் குறியிடுபவர்: எழுத்தரா, வழக்கறிஞரா?

1973 ஜனவரியில் அமெரிக்காவின் கண்ட்ரோல் டேட்டா நிறுவனம், ஐ.பி.எம். மீது தான் தொடுத்திருந்த ஏகபோக வழக்கைச் சமரசத்தில் முடித்துக்கொண்டது. ஐ.பி.எம். தன் துணை நிறுவனமான சர்வீஸ் பீரோ கார்ப்பரேஷனைக் கண்ட்ரோல் டேட்டாவுக்கு விற்றது. உடன்பாட்டில் இன்னொரு நிபந்தனையும் இருந்தது. ஐ.பி.எம்.மிடமிருந்து பெற்ற ஆவணங்களைப் படித்து, வகைப்படுத்தி, கண்ட்ரோல் டேட்டா தரப்பு உருவாக்கியிருந்த கணினி அட்டவணை அழிக்கப்பட வேண்டும் என்பதே அது. அட்டவணை அழிக்கப்பட்டது. அதே ஐ.பி.எம். மீது 1969 முதல் தனி வழக்கு நடத்திவந்த அமெரிக்க நீதித் துறை அந்த அட்டவணையைப் பெரிதும் நம்பியிருந்தது. அரசுத் தரப்பு முறையிட்டுப் பார்த்தது, அழிந்தது அழிந்ததுதான்.

ஆவணங்கள் ஒன்றும் அழியவில்லை என்பதுதான் இதில் கவனிக்கத்தக்கது. தாள்கள் இருந்தன, எந்தத் தாளில் என்ன இருக்கிறது என்று படித்தவர்கள் இட்ட குறிப்புகள் மட்டுமே போயின. உலகின் மிகப் பெரிய கணினி நிறுவனம் தன் எதிரியிடமிருந்து ஒழித்துக்கட்ட விரும்பியது சாட்சியத்தை அல்ல, சாட்சியத்தைப் பற்றிய குறியீட்டை. இவ்வளவு மதிப்புடைய அந்த உழைப்பைச் சட்டத் துறை பின்னர் எப்படிப் பெயரிட்டு அழைத்தது என்பது விசித்திரமான வரலாறு.

வழக்காவணங்களைப் பொறுத்தவரை 'கோடிங்' என்பது நிரல் எழுதுவதன்று. அமெரிக்க உரிமையியல் வழக்குகளில் ஒரு தரப்பு கேட்கும் ஆவணங்களை மறுதரப்பு தேடி எடுத்துக் கொடுத்தாக வேண்டும். 'டிஸ்கவரி' எனப்படும் இந்தக் கட்டத்தில், கொடுப்பதற்கு முன் ஒவ்வோர் ஆவணத்தையும் ஒருவர் திறந்து பார்த்துக் குறியிடுகிறார்: கோரிக்கைக்கு உட்பட்டதா, இல்லையா, வழக்கறிஞருக்கும் கட்சிக்காரருக்கும் இடையிலான இரகசியக் காப்புக்குள் வருகிறதா, வழக்கின் எந்தப் பிரச்சினையைத் தொடுகிறது. இரகசியக் காப்பு, பழைய இந்தியச் சாட்சியச் சட்டத்தின் 126ஆம் பிரிவைப் படித்தவர்களுக்குப் புதிதன்று. தொடக்க காலத்தில் குறியீட்டாளர் ஆவணத்தின் தேதி, எழுதியவர், பெற்றவர், வகை ஆகியவற்றைப் படிவத்தில் நிரப்பினார். இதைப் 'புறநிலைக் குறியிடல்' என்றும், பொருத்தத்தையும் இரகசியத்தையும் முடிவு செய்வதை 'அகநிலைக் குறியிடல்' என்றும் இத்துறை பிரித்தது. முன்னது எழுத்தர் வேலை, பின்னது வழக்கறிஞர் வேலை என்ற எண்ணம் இந்தப் பிரிவினைக்கு அடியில் கிடந்தது. எல்லைக்கோடு அவ்வளவு தெளிவாக இருந்ததில்லை. கையொப்பமில்லாத ஒரு குறிப்பை எழுதியவர் யார் என்று தீர்மானிப்பதும் ஒரு முடிவுதானே!

குறியிடும் ஆளையே விட்டுவிட்டுச் சொற்களைக் கொண்டு தேடினால் போதாதா என்ற கேள்விக்கு 1985இல் டேவிட் பிளேர், எம்.இ. மேரன் இருவரும் வெளியிட்ட ஆய்வு விடை தந்தது. ஒரு பெரும் வழக்கில் சுமார் 40,000 ஆவணங்கள், ஏறத்தாழ மூன்றரை லட்சம் பக்கங்கள், 'ஸ்டேர்ஸ்' என்ற மென்பொருளில் ஏற்றப்பட்டிருந்தன. அதுவும் ஐ.பி.எம். தயாரிப்பே. தேவையான ஆவணங்களில் 75 சதவீதமாவது கிடைத்துவிட்டதாக வழக்கறிஞர்கள் நம்பினார்கள். உண்மையில் கிடைத்தது சராசரியாக 20 சதவீதம். காரணம் மொழியில் இருந்தது. வழக்குக்கு மூலமான விபத்தை எல்லாரும் 'விபத்து' என்று எழுதவில்லை. 'நிகழ்வு', 'சம்பவம்', 'நிலைமை', 'பிரச்சினை', 'சிரமம்' என்றெல்லாம் எழுதியிருந்தார்கள். பொறுப்பேற்க விரும்பாதவர் எந்தச் சொல்லைத் தவிர்ப்பார் என்பது தேடுபொறிக்குத் தெரியாது. படிக்கிறவருக்குத் தெரியக்கூடும்.

தெரியக்கூடும் என்றுதான் சொல்ல முடியும். ஏனெனில் மனிதர்களின் குறியீடும் ஒன்றுபோல் இருப்பதில்லை. எம்.சி.ஐ. நிறுவனத்தை வெரைசான் வாங்கியபோது, நீதித் துறை கேட்ட ஆவணங்களை 225 வழக்கறிஞர்கள் ஏறத்தாழ நான்கு மாதங்கள் உட்கார்ந்து பரிசீலித்தனர். ஏறக்குறைய 16 லட்சம் ஆவணங்கள். பின்னாளில் அவற்றில் 5,000 ஆவணங்களை இரண்டு புதிய குழுக்களிடம் தனித்தனியே கொடுத்துப் பார்த்தார்கள் ராய்ட்பிளாட், கெர்ஷா, ஊட் ஆகிய மூவர். 2010இல் வெளிவந்த முடிவு இது: இரு குழுக்களில் ஏதேனும் ஒன்று பொருத்தமானது என்று குறித்த ஆவணங்களில், இரண்டுமே அவ்வாறு குறித்தவை சுமார் 28 சதவீதம்தான். முதலில் படித்த வழக்கறிஞர்களோடு ஒப்பிட்டால் பொருத்தம் இன்னும் குறைவு.

இன்றைய மறுஆய்வு மென்பொருள்களின் வடிவமைப்பை இந்த முரண்பாடுகளுக்கான மருந்தாகப் பார்த்தால்தான் அது விளங்கும். திரையின் ஒரு பக்கம் ஆவணம், மறுபக்கம் குறியிடும் பலகை. 'பொருந்தும்', 'பொருந்தாது' என்பவை ஒன்றைத் தேர்ந்தால் மற்றது அணைந்துவிடும் பொத்தான்கள். பிரச்சினைக் குறிகளோ எத்தனை வேண்டுமானாலும் தேர்ந்தெடுக்கத்தக்க கட்டங்கள். பொருந்தும் என்று குறித்தால் மட்டுமே அடுத்த கேள்விகள் திறக்கும். இரகசியம் என்று குறித்துவிட்டு அதன் காரணத்தைச் சொல்லாமல் சேமிக்க முடியாது. பிரச்சினைக் குறிகள் முப்பது நாற்பது என்று பெருகினால் ஒரே செய்தியை இருவர் இரு கட்டங்களில் போடுவார்கள் என்பதால், அனுபவமுள்ளவர்கள் அவற்றைச் சுருக்கமாகவே வைக்கிறார்கள். எழுத்துக்கெழுத்து ஒத்த நகல்கள் முன்கூட்டியே நீக்கப்படுகின்றன. மின்னஞ்சலும் அதன் இணைப்புகளும் ஒரே 'குடும்பம்'. பிரிக்காமல் பார்க்க வேண்டும். இருபது பேர் மாறிமாறிப் பதில் எழுதிய மின்னஞ்சல் தொடரில், முந்தியவை முழுவதையும் உள்ளடக்கிய கடைசி மடலைப் படித்தால் பெரும்பாலும் போதும். ஆனால் அந்தக் குறியை மொத்தமாக முழுத் தொடருக்கும் பரப்புவது வேறு விஷயம். நடுவில் ஒருவர் தம் வழக்கறிஞருக்கு மட்டும் அனுப்பிய கிளை மடல் அங்கேதான் ஒளிந்திருக்கும். அது தவறி எதிர்த்தரப்புக்குப் போனால் திரும்பப் பெறுவதற்கான விதிகள் 2006இலும் 2008இலும் அமெரிக்காவில் இயற்றப்பட்டன. படித்ததை எதிரி மறந்துவிட வேண்டும் என்று விதி செய்வது எளிது.

வேகத்தின் கணக்கும் இங்கேதான் வருகிறது. மணிக்கு ஐம்பது ஆவணம் என்பது இத்தொழிலில் பரவலாகச் சொல்லப்படும் அளவு. ஆவணத்துக்கு 72 வினாடி. ஒரு வரி நன்றி மடலுக்கு அது அதிகம். நாற்பது பக்க ஒப்பந்தத்துக்கு அது கேலி.

இந்த 72 வினாடிகள்தான் இந்தியாவுக்கு வந்தன. 2004இல் தொடங்கப்பட்ட பாஞ்சியா3 போன்ற எல்.பி.ஓ. நிறுவனங்கள் மும்பையிலும் நொய்டாவிலும் சட்டப் பட்டதாரிகளை அமர்த்தின. 2010இல் அந்நிறுவனத்தைத் தாம்சன் ராய்ட்டர்ஸ் வாங்கியது. இத்தகைய வேலையை வெளிநாட்டுக்கு அனுப்பலாம், ஆனால் மேற்பார்வைப் பொறுப்பு அமெரிக்க வழக்கறிஞருடையதே என்று 2008இல் அமெரிக்க வழக்கறிஞர் சங்கம் தன் கருத்துரையில் சொல்லியிருந்தது. 1908ஆம் ஆண்டு உரிமையியல் நடைமுறைச் சட்டத்தின் 11ஆம் ஆணையில் ஆவண வெளிப்படுத்தல் இருந்தாலும், அமெரிக்க அளவில் அது இங்கே ஒருநாளும் நடந்ததில்லை. தம் நாட்டு நீதிமன்றத்தில் காணாத ஒரு நடைமுறைக்காக, காணாத கட்சிக்காரரின் அஞ்சல்களை அந்த இளைஞர்கள் இரவுப் பணியில் படித்தார்கள்.

அவர்கள் செய்தது சட்டத் தொழிலா? கேள்வி சென்னைக்கு வந்தது. வெளிநாட்டுச் சட்ட நிறுவனங்களுக்கு எதிராக வழக்கறிஞர் ஏ.கே. பாலாஜி 2010இல் தொடுத்த நீதிப்பேராணை மனுவில் ஓர் எல்.பி.ஓ. நிறுவனமும் எதிர்மனுதாரராக இருந்தது. 2012 பிப்ரவரி 21 அன்று சென்னை உயர் நீதிமன்றம், இத்தகைய அயல்பணி நிறுவனங்கள் தரும் தட்டச்சு, படியெடுப்பு, மெய்ப்புத் திருத்தம் போன்ற சேவைகள் 1961ஆம் ஆண்டு வழக்கறிஞர்கள் சட்டத்துக்குள் வாரா என்று தீர்ப்பளித்தது. மூன்று நாள் கழித்து, பிப்ரவரி 24 அன்று, நியூயார்க்கில் நீதிபதி ஆண்ட்ரூ பெக் 'டா சில்வா மூர்' வழக்கில், ஏறத்தாழ 30 லட்சம் மின்னஞ்சல்களை இயந்திரக் கற்றலின் துணையுடன் மறுஆய்வு செய்யலாம் என்று எழுதினார். கணினி வழிக் குறியிடலை ஒரு நீதிமன்றம் தீர்ப்புரையில் ஏற்றது அதுவே முதன்முறை. இரண்டு அமர்வுகளுக்கும் ஒன்றையொன்று தெரிந்திருக்க வாய்ப்பில்லை. ஆயினும் நியூயார்க் நடைமுறையின் ஒரு கூறு சென்னைத் தீர்ப்போடு உரசுகிறது. இயந்திரத்துக்கான தொடக்க மாதிரியாகத் தற்போக்கில் எடுக்கப்பட்ட 2,399 ஆவணங்களை, கடைநிலைப் பணியாளர்கள் அல்லாமல் மூத்த வழக்கறிஞர்களே படித்துக் குறியிட்டார்கள். குறியிடல் தட்டச்சுக்கு நிகரானது என்றால் இவ்வளவு ஏற்பாடு எதற்கு?

2015 ஜூலையில் அதே நியூயார்க்கில் மேல்முறையீட்டு நீதிமன்றத்தின் முன் இக்கேள்வி மறுபக்கத்திலிருந்து எழுந்தது. வட கரோலினாவில் மணிக்கு 25 டாலருக்கு ஆவணங்களைக் குறியிட்ட ஓர் ஒப்பந்த வழக்கறிஞர், வாரத்துக்கு 40 மணி நேரத்துக்கு மேற்பட்ட உழைப்புக்குக் கூடுதல் ஊதியம் கேட்டிருந்தார். சட்டத் தொழில் செய்பவருக்கு அந்த உரிமை இல்லை என்பதால், தாம் செய்தது சட்டத் தொழிலே அல்ல என்று ஒரு வழக்கறிஞர் வாதாட வேண்டிய நிலை! குறித்துக் கொடுத்த சொற்கள் உள்ளனவா என்று பார்ப்பது, முன்னரே வகுத்த வகைகளில் போடுவது, சில பகுதிகளைக் கறுப்புக் கட்டமிட்டு மறைப்பது, அவ்வளவுதான் தம் வேலை என்றார். முழுவதும் ஓர் இயந்திரமே செய்துவிடக்கூடியதைச் செய்பவர் சட்டத் தொழில் செய்வதாகக் கூற முடியாது என்பதை இரு தரப்பும் விசாரணையில் ஒப்புக்கொண்டதை நீதிமன்றம் சுட்டிக்காட்டியது; வழக்கைத் தள்ளுபடி செய்த கீழ்நீதிமன்ற உத்தரவை நீக்கியது. அவர் வென்றார், தம் அறிவுக்கு அங்கே வேலை இல்லை என்று நிறுவியதால்.

இந்திய உச்ச நீதிமன்றம் 2018 மார்ச் 13 அன்று சென்னைத் தீர்ப்பின் இப்பகுதியைத் திருத்தியது. பெயரைப் பார்த்து விலக்கு அளிக்க முடியாது. செய்யும் பணி அதன் சாரத்தில் சட்டத் தொழிலாக இல்லாவிட்டால் மட்டுமே அயல்பணி நிறுவனம் சட்டத்துக்கு வெளியே நிற்கும் என்றது. 'சாரம்' எது என்பதை ஒவ்வொரு நேர்விலும் பார்க்க வேண்டும்.

அதற்குள் மென்பொருள் மாறிவிட்டிருந்தது. கார்மக், கிராஸ்மன் இருவரும் 2014இல் ஒப்பிட்டுக் காட்டிய தொடர்கற்றல் முறையில் மூத்தவர்கள் படித்துத் தரும் தனி மாதிரி தேவையில்லை. வரிசையில் உட்கார்ந்திருக்கும் எந்தக் குறியீட்டாளர் எந்தப் பொத்தானை அழுத்தினாலும் இயந்திரம் அதிலிருந்து கற்று, அடுத்து எந்த ஆவணத்தை மேலே கொண்டுவருவது என்று வரிசையை மாற்றி அடுக்குகிறது. நொய்டாவில் இரவு இரண்டு மணிக்கு ஒருவர் 'சிரமம்' என்ற சொல்லைப் பார்த்து, இது அந்த விபத்தைத்தான் குறிக்கிறது என்று கண்டுகொண்டு 'பொருந்தும்' என்று அழுத்தினால், அந்தக் கண்டுகொள்ளலும் மாதிரிக்குள் போய்விடுகிறது. யார், எந்த நேரத்தில், எந்தக் குறியை இட்டார், பின்னர் யார் மாற்றினார் என்ற பதிவேடு மென்பொருளின் உள்ளே இருக்கிறது. வழக்கு முடிந்ததும் அது பெரும்பாலும் தரவுத்தளத்தோடு சேர்த்து நீக்கப்படுகிறது.