ரத்தத்தில் கள்ளநோட்டு தேடிய கதை

வைத்தியத்துக்கும் எனக்கும் ஸ்நானப்பிராப்தி கூடக் கிடையாது. படித்தது பி.காம்., பார்ப்பது பேங்க் உத்தியோகம். ஆனால் நவி மும்பையில் குடியிருக்கிற தமிழ்க் குடும்பங்களுக்கு கேன்சர் ஒன்றும் தூரத்து விஷயம் இல்லை. ஊரிலிருந்து பரேல் டாடா ஆஸ்பத்திரிக்கோ, கார்கர் ஆக்ட்ரெக்குக்கோ காட்ட வருகிறவர்கள் தங்குவது நம்ம வீட்டு ஹாலில்தானே! இப்போது பலரும் கேட்பது இதுதான்: "ஒரு ரத்த டெஸ்ட்டிலேயே கேன்சர் தெரிஞ்சிடுமாமே, வீட்டில எல்லாருக்கும் எடுத்துடலாமா?"

கேள்வி சின்னது. பதிலுக்குப் பின்னால் நூற்றைம்பது வருஷக் கதை இருக்கிறது.

1869. ஆஸ்திரேலியாவின் மெல்போர்ன் ஆஸ்பத்திரி. உடம்பெல்லாம் கட்டிகளோடு இறந்துபோன ஒருவரின் கால் நரம்பிலிருந்து ரத்தம் எடுத்து மைக்ராஸ்கோப்பில் பார்த்தார் டாக்டர் தாமஸ் ஆஷ்வொர்த். கட்டியில் இருந்த அதே மாதிரி செல்கள் ரத்தத்திலும் இருந்தன. ஒரே ஆளுக்குப் பல இடங்களில் கட்டி வருவது எப்படி என்பதற்கு இது விடையாகலாம் என்று எழுதி வைத்தார்.

இருபது வருஷம் கழித்து, 1889-ல், லண்டன் சர்ஜன் ஸ்டீபன் பேஜெட் இன்னொன்று சொன்னார். புற்றுசெல் விதை மாதிரி. விதை எங்கே விழுந்தாலும் முளைக்காது, மண்ணும் ஒத்துவர வேண்டும். இதை மனசில் வைத்துக்கொள்ளுங்கள். ரத்தத்தில் செல் மிதக்கிறது என்றாலே நோய் பரவிவிட்டது என்று அர்த்தம் இல்லை.

1950-களில் டாக்டர்கள் இந்தத் தேடலில் மறுபடி மும்முரமாக இறங்கினார்கள். கண்டுபிடித்தோம், கண்டுபிடித்தோம் என்று வரிசையாக அறிக்கைகள். 1960-களில் சரிபார்த்தபோது பலதும் புற்றுசெல்லே இல்லை. எலும்பு மஜ்ஜையிலிருந்து வரும் மெகாகேரியோசைட் போன்ற பெரிய செல்களைப் பார்த்து ஏமாந்திருக்கிறார்கள். துறையே கொஞ்ச காலம் படுத்துவிட்டது.

ஏன் இவ்வளவு கஷ்டம்? எங்கள் பாஷையிலேயே சொல்கிறேன். ஏழரை மில்லி ரத்தத்தில் சிவப்பணுக்கள் மட்டும் மூவாயிரம் கோடிக்கு மேல். வெள்ளையணுக்கள் சில கோடி. இதற்குள் புற்றுசெல் இருந்தால் ஐந்தோ பத்தோ. கரன்சி செஸ்ட்டில் மூவாயிரம் கோடி நோட்டைக் கொட்டி, அதில் அஞ்சு கள்ளநோட்டு இருக்கிறதா பார் என்றால் எப்படி இருக்கும்?

அதற்கு ஒரு வழி செய்தது அமெரிக்காவின் இம்யூனிகான் நிறுவனம். மார்பு, குடல் மாதிரி இடங்களில் உண்டாகும் செல்களின் மேல் எப்கேம் என்றொரு புரதம் இருக்கும்; ரத்த செல்களில் இருக்காது. அதைப் பிடித்துக்கொள்ளும் ஆன்டிபாடியை நுண்ணிய இரும்புத் துகளில் ஒட்டி ரத்தத்தில் கலந்து, பக்கத்தில் காந்தம் வைத்தால் அந்த செல்கள் தனியாக வந்துவிடும். பிறகு மூன்று சோதனை: நியூக்ளியஸ் இருக்க வேண்டும், சைட்டோகெரட்டின் என்ற புரதம் இருக்க வேண்டும், வெள்ளையணுவின் அடையாளமான சிடி45 இருக்கக்கூடாது. நோட்டில் வாட்டர்மார்க், செக்யூரிட்டி த்ரெட் பார்ப்பது மாதிரி! இதுதான் செல்சர்ச். பரவிய மார்பகப் புற்றுக்கு 2004-ல் அமெரிக்க எஃப்.டி.ஏ. அனுமதி கிடைத்தது. குடல், ப்ராஸ்டேட் புற்றுகளுக்கு அடுத்த சில வருஷங்களில்.

அதே 2004-ல், நோய் பரவிவிட்ட 177 பெண்களிடம் செய்த ஆய்வு வெளிவந்தது. ஏழரை மில்லியில் ஐந்துக்குக் குறைவாக செல் இருந்தவர்களுக்கு நோய் முற்றாமல் இருந்தது சராசரியாக 7 மாதம். ஐந்தோ அதற்கு மேலோ இருந்தவர்களுக்கு 2.7 மாதம். ஆக எண்ணிக்கை ஏதோ சொல்கிறது, சந்தேகமில்லை. சரி, எண்ணிக்கை குறையாதவர்களுக்கு கீமோ மருந்தை உடனே மாற்றிவிட்டால்? அதையும் சோதித்தார்கள். 2014-ல் வந்த முடிவு: ஆயுள் கூடவில்லை. கெட்ட செய்தியை முன்கூட்டியே தெரிந்துகொள்வது வேறு, அதை மாற்றுவது வேறு.

நம்ம மகாராஷ்டிராவுக்கும் இதில் பங்கு உண்டு. புனேயின் ஆக்டோரியஸ் நிறுவனம் ஆங்கோடிஸ்கவர் என்ற சோதனையை உருவாக்கியது. நாசிக்கின் தாத்தார் கேன்சர் ஜெனடிக்ஸ் நிறுவனத்தின் மார்பகப் புற்று ரத்தச் சோதனைக்கு 2021-ல் எஃப்.டி.ஏ. 'பிரேக்த்ரூ' தகுதி கொடுத்தது. பெருமையான விஷயம்தான். ஆனால் அந்தத் தகுதி என்பது லோன் அப்ளிகேஷனை வரிசையில் முன்னால் எடுத்துப் பார்ப்பது மாதிரி. சாங்ஷன் லெட்டர் இல்லை.

இப்போது அந்தக் கேள்விக்கு வருவோம். நோயில்லாதவர்கள் எடுக்கலாமா? ஒரு கணக்கு போடுங்கள். ஆயிரம் பேர், அதில் நிஜமாக நோய் உள்ளவர்கள் 5 பேர் என்று வைத்துக்கொள்வோம். நோயில்லாத நூறு பேரில் ஒருவரை மட்டும் தப்பாகச் சொல்லும் நல்ல சோதனைதான். 995 பேரில் சுமார் 10 பேருக்கு "இருக்கிறது" என்று வரும். அந்த ஐந்து பேரையும் ஒருவர் விடாமல் பிடித்தாலும், மொத்தம் 15 பேரில் 10 பேர் சும்மா ஸ்கேன், பயாப்ஸி, தூக்கமில்லாத ராத்திரி என்று அலைவார்கள். மறுபக்கம், ஆரம்ப நிலைக் கட்டி ரத்தத்தில் விடும் செல்கள் மிகக் குறைவு. எடுத்த குழாயில் ஒன்றுகூட அகப்படாமல் போகலாம். "ஒன்றுமில்லை" என்று தாளில் வந்ததை நம்பி, மார்பில் தட்டுப்படும் கட்டியை விட்டுவிடுவது இன்னும் ஆபத்து.

பலன் நிரூபணமான சோதனை இதே மும்பையில் நடந்திருக்கிறது. 1998 முதல் டாடா ஆஸ்பத்திரிக்காரர்கள் குடிசைப் பகுதிகளில் சுமார் ஒன்றரை லட்சம் பெண்களை வைத்து ஒரு பெரிய ஆய்வு நடத்தினார்கள். பாதிப் பேருக்கு, பயிற்சி பெற்ற சாதாரண சுகாதாரப் பணியாளர்கள் கர்ப்பப்பை வாயில் வினிகர் தடவி வெறும் கண்ணால் பார்த்தார்கள். சோதனை செய்யப்படாத பெண்களோடு ஒப்பிட்டால், அந்தப் புற்றால் சாவது 31 சதவீதம் குறைந்தது. கையால் மார்பைப் பரிசோதித்ததில், ஐம்பது வயதுக்கு மேற்பட்டவர்களிடம் மார்பகப் புற்றுச் சாவு கிட்டத்தட்ட 30 சதவீதம் குறைந்ததாக 2021-ல் வெளியிட்டார்கள்.

வினிகர் என்ன விலை என்று உங்களுக்கே தெரியும். காந்தத்தில் செல் பிடிக்கும் வித்தை வளரட்டும். ஏற்கனவே நோய் உள்ளவர்களுக்கு அதைப் படித்துச் சொல்ல டாக்டர் இருக்கிறார். ஆரோக்கியமாக இருக்கிறவர்கள் அந்தப் பல ஆயிரத்தைக் கட்டுவதற்கு முன்னால், வீட்டுப் பெண்களை ஒரு தடவை டாக்டரிடம் நேரில் காட்டுங்கள். பான், குட்கா போடுகிற ஆம்பிளைகளின் வாயையும் சேர்த்துத்தான்.