மலைநாட்டின் மூன்று படிகள்

ஓட்டன் சமவெளியில் நடப்பவர் தாம் கடல் மட்டத்துக்கு ஏறக்குறைய 7,000 அடி மேலே நிற்பதை எளிதில் மறந்துவிடுவர். புல் மூடிய அந்நிலம் மெல்ல ஏறி மெல்ல இறங்குகின்றதேயன்றி, மலை என்னும் எண்ணத்தை எழுப்புவதில்லை. உலக முடிவு என்னும் விளிம்பை அடைந்ததும் அது திடீரென அறுந்துவிடுகின்றது. வெகு ஆழத்தில் வேறொரு நிலம் விரிகின்றது. மலையின் தலையிலே சமவெளி அமைந்தது எவ்வாறு?

1929 ஆம் ஆண்டில் இலங்கையின் புவிச்சரிதவியலைப் பற்றி எழுதிய கனடா நாட்டறிஞர் பிராங் டோசன் அடம்ஸ், இத்தீவு மூன்று படிகளாக அமைந்திருத்தலை எடுத்துக்காட்டினார். கரையோரத் தாழ்நிலம் முதலாவது. சுமார் 1,600 அடியில் இரண்டாவது. 6,000 அடியளவில் மூன்றாவது. ஒவ்வொன்றும் ஆறரித்த சமவெளி என்பது அவர் துணிபு. தீவு உயருந்தோறும் ஆறுகள் புதுவலிமை பெற்று நிலத்தை மீண்டும் தேய்த்தன என்றார். அவ்வாறாயின் மிக உயர்ந்த படியே மிகப் பழையது.

1938 இல் இலங்கை அரசாங்கக் கனிப்பொருளியலாளராக வந்த டி. என். வாடியாவும் இதே படிகளைக் கண்டார். ஆனால் அவற்றைப் பிரிக்கும் செங்குத்துச் சரிவுகளை ஆறுகளின் வேலையாக அவர் கொள்ளவில்லை. பெரும் பாறைத் திணிவுகள் பிளவுகளின் வழியே மேலே தள்ளப்பட்டன என்பது அவர் கூற்று.

பின்வந்தோருட் சிலர் மூன்று என்ற கணக்கையே ஐயுற்றனர். வன்பாறை நிலைத்து மென்பாறை தேய்ந்தாலும் படிபோன்ற தோற்றம் உண்டாகுமல்லவா? இவ்வையத்தில் நியாயமுண்டு. பாடநூற் படங்களிற் காணும் திருத்தமான படிகள் மலைநாட்டில் எளிதிற் கண்ணுக்கு அகப்படுவதில்லை.

தேய்வின் வேகத்தை அளக்க அந்நாளில் வழியிருக்கவில்லை. பின்னரே அது கிடைத்தது. விண்கதிர் படும் குவாட்சுக் கல்லில் பெரிலியத்தின் அரியதொரு வகை சிறுகச் சிறுகத் தோன்றும். நிலம் மெதுவாகத் தேயுமாயின் ஆற்று மணலில் அது மிகுந்திருக்கும். மேல் மகாவலிப் படுகையில் இவ்வாறு அளந்து 2003 இல் வெளியிட்ட ஆய்வாளர், இயற்கைத் தேய்வு ஆயிரம் ஆண்டுக்குச் சில மில்லிமீற்றர் அளவினதே எனக் கண்டனர். சரிந்த மலை, கொட்டும் மழை; இருந்தும் இத்துணை மந்தம்! காடழித்துப் பயிரிட்ட சரிவுகளிலோ, மண் உண்டாகும் வேகத்திலும் 10 முதல் 100 மடங்கு விரைவாக அது கழுவப்படுகின்றது. 1976 இல் தொழிற்படத் தொடங்கிய பொல்கொல்லை அணையின் பின்னே, சில ஆண்டுகளுக்குள்ளேயே அம்மண் வண்டலாகப் படிந்து நீர்த்தேக்கத்தைத் தூர்க்கலாயிற்று.