ரவுண்டானா

சாலைகள் கூடுமிடத்தில் நடுத்திட்டு அமைத்து, வண்டிகள் அதை ஒரே திசையில் சுற்றிவந்து தத்தம் வழியில் பிரிந்துபோகச் செய்யும் சந்திப்பு. இடப்பக்கம் ஓட்டும் நாடுகளில் சுற்று வலஞ்சுழியாகவும், மற்ற நாடுகளில் இடஞ்சுழியாகவும் இருக்கும்.

நியூயார்க்கின் கொலம்பஸ் வட்டத்தில் வில்லியம் ஃபெல்ப்ஸ் ஈனோவின் முயற்சியால் 1905-இல் ஒருவழிச் சுற்று வந்தது. பாரிஸில் வெற்றி வளைவைச் சுற்றி 1907-இல் அதே முறை நடப்புக்கு வந்தது. அங்கே அதற்காக வாதாடியவர் கட்டடக் கலைஞர் யூஜீன் ஏனார். இங்கிலாந்தின் லெட்ச்வொர்த் நகரமும் ஏறக்குறைய இதே காலத்தில் ஒன்றைக் கட்டியது.

இந்தப் பழைய வட்டங்களில் அடிப்படைக் குறை ஒன்று இருந்தது. பல இடங்களில், உள்ளே நுழையும் வண்டிக்கே முன்னுரிமை. சுற்றிக்கொண்டிருப்பவர் நின்று வழிவிட வேண்டும். அவர் நின்றால் பின்னால் வருபவர் வெளியேற முடியாது. நெரிசல் நேரத்தில் வட்டம் முழுவதும் இறுகிவிடும். பொறியாளர்கள் இதற்குக் கண்ட மருந்து வட்டத்தைப் பெரிதாக்குவது. வண்டிகள் தடம் மாறிக்கொள்ள நீண்ட இடம் கிடைத்தது, கூடவே வேகமும் ஏறியது. இருபதாம் நூற்றாண்டின் நடுவில் அமெரிக்கா இவற்றைக் கைவிட்டதில் வியப்பில்லை.

திருப்பம் பிரிட்டனில் நேர்ந்தது. அரசின் சாலை ஆய்வுக்கூடப் பொறியாளர் ஃபிராங்க் பிளாக்மோர், நுழைபவரே காத்திருக்க வேண்டும் என்ற விதியைச் சோதித்துக் காட்டினார். 1966 நவம்பரில் அது நாடெங்கும் விதியானது. ஒரு வரியில் சொல்லிவிடக்கூடிய இந்த மாற்றமே இன்றைய ரவுண்டானாவின் உயிர். சுற்றுப்பாதை எப்போதும் நகர்ந்துகொண்டிருப்பதால் தடம் மாற நீண்ட இடம் தேவையில்லை. எத்தனை வண்டி நுழையலாம் என்பதை நுழைவாயிலின் அகலமும் சுற்றுவோரிடையே கிடைக்கும் இடைவெளியும் தீர்மானித்தன. திட்டுகள் சுருங்கின. பிளாக்மோர் சிறு ரவுண்டானாக்களையும் உருவாக்கினார். ஸ்விண்டன் நகரில் 1972-இல் ஐந்து சிறு வட்டங்களை ஒரு பெரிய வட்டத்தைச் சுற்றி வைத்த சந்திப்பு இன்றும் இயங்குகிறது.

பாதுகாப்புக்குக் காரணம் வளைவு. நேராகப் பாய்ந்துவர முடியாதபடி நுழைவுப் பாதையைத் திருப்பிவிட்டால் ஓட்டுநர் தானாகவே வேகம் குறைப்பார். நான்கு சாலைச் சந்திப்பில் வண்டிகளின் பாதைகள் மோதக்கூடிய புள்ளிகள் 32; ஒற்றைத் தட ரவுண்டானாவில் 8. செங்குத்தாகவும் நேருக்கு நேராகவும் மோதும் கொடிய விபத்துகள் அநேகமாக மறைந்துவிடுகின்றன. அமெரிக்காவில் ரவுண்டானாவாக மாற்றப்பட்ட 24 சந்திப்புகளை ஆராய்ந்து 2001-இல் வெளியான ஆய்வு, விபத்துகள் 38 விழுக்காடும் காயம் விளைவித்த விபத்துகள் 76 விழுக்காடும் குறைந்ததாகக் கண்டது. இண்டியானாவின் கார்மெல் நகரில் இன்று 150-க்கும் மேற்பட்ட ரவுண்டானாக்கள் உள்ளன.

பல தடங்கள் கொண்டவற்றில் இந்த நன்மை குறைகிறது. உள்ளே தடம் மாறுவதைத் தடுக்க, நெதர்லாந்தின் லாம்பெர்டஸ் ஃபோர்டைன் 1990-களில் தடங்களைத் திருகுபோல் பிரித்து ‘டர்போ’ ரவுண்டானாவை வடிவமைத்தார். சைக்கிள் ஓட்டிகளுக்கும் பார்வையற்ற பாதசாரிகளுக்கும் பலதட வட்டங்கள் இன்னும் ஆபத்தானவையே. இடைவிடாத ஓட்டத்தில், எப்போது கடக்கலாம் என்பதை ஒலியைக் கொண்டு அறிவது கடினம்.

இந்தியச் சாலைப் பேராயத்தின் 1976-ஆம் ஆண்டு நெறிமுறை, தடம் மாறும் நீளத்தை வைத்தே கொள்ளளவைக் கணக்கிட்டது. 2017-இல் அது திருத்தப்பட்டது. பழைய கணக்கில் எழுந்த அகன்ற வட்டங்களில் நுழைவாயில்களை வளைத்துக் குறுக்குவதும், நுழைபவர் காத்திருக்கும் விதியைக் கண்டிப்பாக அமலாக்குவதும் நகராட்சிகள் முதலில் செய்ய வேண்டியவை. நீரூற்றும் சிலையும் பிறகு வரலாம்.