விளையாட்டுக் கணினி: பிராசசரும் குளிரூட்டலும்

போளூர் போன்ற திருவண்ணாமலை மாவட்டத்து ஊர்களில் விளையாட்டுக் கணினி பூட்டுவோர் விலையோடு வெயிலையும் கணக்கில் எடுக்க வேண்டும். பிராசசரின் சூடு அறைச் சூட்டின் மேல்தான் ஏறி நிற்கும். ஒரே வேலை, ஒரே ஃபேன் வேகம் என்றால், 25 டிகிரி அறையில் 70 காட்டும் சிப் 38 டிகிரி அறையில் ஏறக்குறைய 83 காட்டும். வரம்பைத் தொட்டதும் அது தன் வேகத்தைத் தானே குறைத்துக்கொள்ளும். ஓடிக்கொண்டிருந்த ஆட்டம் திக்கத் தொடங்கும்.

பெரும்பாலான ஆட்டங்களில் படத்தின் தரத்தைத் தீர்மானிப்பது கிராபிக்ஸ் கார்டு. ஆகவே பிராசசருக்கு அளவோடு செலவழித்தால் போதும். 2022இல் வந்த ரைசன் 5 5600, ஆறு கோர்களும் 65 வாட் மதிப்பும் கொண்டது. நடுத்தரக் கார்டுக்குத் தாராளமாக ஈடுகொடுக்கும். பெட்டியோடு வரும் சிறு கூலர் மார்கழிக்குச் சரி, சித்திரைக்குப் போதாது; ஒற்றை ஃபேன் டவர் கூலர் வாங்குவது நல்லது. கோர் ஐ9-14900கே 253 வாட் வரை இழுக்கும். ஏசி இல்லாத அறைக்கு அது வேண்டவே வேண்டாம். 120 வாட் மதிப்புள்ள ரைசன் 7 7800எக்ஸ்3டி, 96 எம்பி எல்3 கேஷின் பலத்தால் ஆட்டங்களில் அதற்கு நிகராக நிற்கிறது.

தறி உள்ள வீடுகளில் நூல் தூசு இன்னொரு தொல்லை. கூலரின் அலுமினியத் தகடுகளுக்கிடையே அது படிந்து, கம்பளித் துண்டுபோல் காற்றை அடைக்கும். கேபினெட்டின் முன்புற வலையை மாதம் ஒருமுறை கழற்றித் தட்டி, தகடுகளைக் காய்ந்த பெயிண்ட் பிரஷால் துடைக்க வேண்டும். அப்போது ஃபேன் இறக்கை சுழலாமல் விரலால் பிடித்துக்கொள்ள வேண்டும்.