பாறசாலை–நெய்யாற்றின்கரை எல்லையூர்கள்: கிறிஸ்தவத் திருப்பணியும் சமூக நீதியும்

கேரளத்தின் தென்கோடியில், திருவனந்தபுரம் மாவட்டத்து நெய்யாற்றின்கரை வட்டம் தமிழ்நாட்டின் கன்னியாகுமரி மாவட்டத்தைத் தொடும் பகுதியில், பாறசாலை, அமரவிளை, தனுவச்சபுரம், உச்சக்கடை, காரக்கோணம், வெள்ளறடை முதலிய ஊர்கள் உள்ளன. 1956 வரை இவை களியக்காவிளை, குழித்துறை, மார்த்தாண்டம் ஆகிய ஊர்களோடு முதலில் திருவிதாங்கூர் நாட்டுக்குள்ளும் 1949 முதல் திருவிதாங்கூர்–கொச்சிக்குள்ளும் ஒன்றாக இருந்தன. வீட்டில் தமிழும் சந்தையில் மலையாளமும், அல்லது அதற்கு நேர்மாறாகவும் பேசும் குடும்பங்கள் இன்றும் எல்லையின் இருபுறமும் உண்டு. நாடார், சாம்பவர், புலையர் ஆகிய உழைக்கும் சாதியினரிடையே கிறிஸ்தவம் 19ஆம் நூற்றாண்டில் இங்கு வேகமாகப் பரவியது. அந்த வேகத்துக்குப் போதனையைக் காட்டிலும், உடை, கூலி, ஞாயிற்றுக்கிழமை, பள்ளிக்கூடம் என அன்றாட வாழ்வின் உரிமைகளே பெரும் காரணம் என்பது பழைய பதிவுகளைப் படித்தால் விளங்கும்.

முன்வரலாறு

மார்த்தாண்டத்துக்கு அருகிலுள்ள நட்டாலத்தில் 1712 ஏப்ரல் 23 அன்று பிறந்த நீலகண்டன், திருவிதாங்கூர் மன்னர் மார்த்தாண்ட வர்மரின் அரசுப் பணியாளர். குளச்சல் போரில் சிறைப்பட்டுப் பின்னர் திருவிதாங்கூர்ப் படைத்தலைவரான டச்சுக்காரர் டிலனாயிடம் கிறிஸ்தவம் பற்றிக் கேட்டறிந்தார். 1745இல் வடக்கன்குளத்தில் தேவசகாயம் என்னும் பெயரில் திருமுழுக்குப் பெற்றார். தாழ்த்தப்பட்ட சாதியினரோடு கலந்து பழகியது அவர்மீது சுமத்தப்பட்ட பழிகளில் ஒன்று. 1752 ஜனவரி 14 அன்று ஆரல்வாய்மொழிக் காற்றாடிமலையில் சுட்டுக் கொல்லப்பட்டார். 2022 மே 15 அன்று உரோமையில் புனிதராக அறிவிக்கப்பட்டார். அதற்குமுன் அவர் பெயரோடு ஒட்டியிருந்த 'பிள்ளை' என்ற சாதிப் பின்னொட்டை வத்திக்கான் நீக்கிவிட்டது.

சீர்திருத்தச் சபையின் தொடக்கம் மயிலாடியைச் சேர்ந்த மகாராசன் வேதமாணிக்கம். சாம்பவர் குலத்தில் பிறந்த இவர் தஞ்சாவூர் சென்று கிறிஸ்தவரானார். திரும்பி வந்து தம் ஊருக்கு ஒரு போதகர் வேண்டுமென்று கேட்டதன் பேரிலேயே லண்டன் மிஷனைச் சேர்ந்த ஜெர்மானியர் ரிங்கல்தௌபே 1806இல் திருவிதாங்கூருக்குள் நுழைந்தார். மிஷன் வரலாறுகள் பெரும்பாலும் வெள்ளைக்காரர் காலடி வைத்த நாளிலிருந்து கணக்குத் தொடங்குகின்றன. வேதமாணிக்கத்திலிருந்து தொடங்குவதே முறை. 1816இல் ரிங்கல்தௌபே நாட்டை விட்டுப் போனபோது சபைகளை இவரிடமே ஒப்படைத்துச் சென்றார்.

1818இல் சார்லஸ் மீடும் அடுத்த ஆண்டு சார்லஸ் மால்ட்டும் வந்தபின் நாகர்கோவில், நெய்யூர் ஆகியவை பணித்தலங்களாயின. 1838இல் வந்த ஜான் ஆப்ஸ் பின்னர் பாறசாலையைத் தலைமையிடமாகக் கொண்டு 1850களின் இறுதி வரை பணியாற்றினார். 'திருவிதாங்கூரில் இருபத்திரண்டு ஆண்டு மிஷனரி அனுபவம்' என்ற பொருள்படும் அவருடைய ஆங்கில நூல் 1870இல் வெளிவந்தது. 1859இல் வந்த சாமுவேல் மற்றீர் பாறசாலையிலும் திருவனந்தபுரத்திலும் இருந்து எழுதிய இரு நூல்கள் (1871, 1883) இப்பகுதியின் சாதி வாழ்க்கை பற்றி அறிய இன்றும் உதவுகின்றன. குடிசையின் உயரம், உப்பின் விலை, யார் எத்தனை அடி விலகி நிற்க வேண்டும் என்பதுவரை குறித்து வைத்திருக்கிறார். தேவாலயக் கணக்கைவிட இந்தக் குறிப்புகள்தாம் அவருடைய நூல்களின் உயிர்.

தோள்சீலைப் போராட்டம்

நாடார் முதலிய சாதிப் பெண்கள் மார்பை மறைக்கக் கூடாது என்பது அக்கால வழக்கம். கர்னல் மன்றோ பிரிட்டிஷ் ரெசிடென்டாகவும் திவானாகவும் இருந்தபோது, 1813–14 காலத்தில், கிறிஸ்தவப் பெண்கள் சிரியன் கிறிஸ்தவப் பெண்களைப்போலக் குப்பாயம் (இரவிக்கை) அணியலாம் என்று ஆணை பிறந்தது. பெண்கள் குப்பாயத்தோடு நிற்கவில்லை. அதன்மேல் நாயர் பெண்களைப்போல மேல்சீலையும் போட்டுக்கொண்டார்கள். உண்மையான சண்டை இங்கேதான் தொடங்கியது. உடலை மறைக்கும் உரிமையை மிஷனரிமார் வாங்கிக் கொடுத்தார்கள் என்றால், சமமாக உடுத்தும் உரிமையைச் சந்தைக்குப் போன பெண்கள் தாங்களாகவே எடுத்துக்கொண்டார்கள்.

இதற்கு எதிராக மூண்ட கலகத்தில் 1820களின் இறுதியில் ஆலயங்களும் பள்ளிகளும் எரிக்கப்பட்டன. 1829 பிப்ரவரி 3 அன்று வெளியான அரச விளம்பரம் குப்பாயத்தை அனுமதித்து மேல்சீலையைத் தடுத்தது. கட்டாய வேலையைச் செய்தே ஆக வேண்டும், அனுமதியின்றி ஆலயம் கட்டக்கூடாது என்றும் கூறியது. 1858 அக்டோபரில் கலகம் மீண்டும் மூண்டது. சந்தைக்கு வந்த பெண்களின் சீலைகள் கிழிக்கப்பட்டன. மிஷனரிகள் முறையிட்டனர். ரெசிடென்ட் கல்லன் அரசின் பக்கம் சாய்ந்தார். சென்னை ஆளுநர் சார்லஸ் ட்ரெவெல்யனின் கடுமையான தலையீட்டுக்குப் பிறகு, திவான் மாதவராவ் காலத்தில், 1859 ஜூலை 26 அன்று உத்திரம் திருநாள் மகாராஜா புதிய விளம்பரம் வெளியிட்டார். இதன்படி எல்லா நாடார் பெண்களும் குப்பாயம் அணியலாம். முக்குவப் பெண்களைப்போல முரட்டுத்துணி சுற்றிக்கொள்ளவும் செய்யலாம். உயர்சாதிப் பெண்களைப்போல மட்டும் உடுத்தக் கூடாது. முழு உரிமையாக இல்லாவிட்டாலும், இந்து நாடார் பெண்களையும் சேர்த்துக்கொண்ட வகையில் இது திருப்பணியின் பெரிய வெற்றி.

முலைவரி கேட்டவர்முன் தன் மார்பை அறுத்து வைத்ததாகச் சொல்லப்படும் நங்கேலியின் கதையை இப்போராட்டத்தோடு சேர்த்துச் சொல்வது வழக்கமாகிவிட்டது. அது சேர்த்தலைப் பகுதியில் வழங்கும் செவிவழிக் கதை. இப்பகுதியோடு அதற்குத் தொடர்பில்லை.

அடிமைத்தனமும் கட்டாய வேலையும்

1836 கணக்கெடுப்பின்படி திருவிதாங்கூரில் சுமார் 1,64,000 அடிமைகள் இருந்தனர். நெய்யாற்றின்கரையின் நெல்வயல்களில் உழைத்த புலையரும் சாம்பவரும் அதில் அடங்குவர். 1847இல் லண்டன் மிஷனார் அடிமைமுறையை ஒழிக்கக் கோரி மகாராஜாவுக்கு விண்ணப்பம் அளித்தனர். 1853இல் அரசு அடிமைகளுக்கு இனிப் பிறக்கும் பிள்ளைகள் விடுவிக்கப்பட்டனர். 1855 ஜூன் 24 விளம்பரம் அடிமைமுறையையே சட்டப்படி நீக்கியது. வயலில் நிலைமை மாற மேலும் அரை நூற்றாண்டு ஆயிற்று.

கூலியில்லாமல் அரசுக்கும் கோயிலுக்கும் வேலை செய்யும் ஊழிய முறையிலிருந்து ஞாயிற்றுக்கிழமைகளில் கிறிஸ்தவர்களுக்கு விலக்குக் கிடைத்தது மன்றோ காலத்தில். வாரத்தில் ஒருநாள் யாரும் கூப்பிட முடியாது என்ற நிலை ஒரு பனையேறிக்கோ கூலிக்காரருக்கோ எவ்வளவு பெரியது என்பதைச் சொல்ல வேண்டியதில்லை. ஆனால் அதே ஞாயிறு பனையேறிக்குத் தொல்லையாகவும் இருந்தது. பாளையைக் காலையும் மாலையும் சீவாவிட்டால் பதனீர் நின்றுவிடும். ஓய்வுநாளை முழுதாகக் கடைப்பிடித்தவனுக்குத் திங்கட்கிழமை வருமானம் இல்லை. போதகர்கள் இதில் கண்டிப்புக் காட்டியதைவிட மனிதரின் வயிற்றை நினைத்திருக்கலாம்.

இலங்கைக் காப்பித் தோட்டங்களுக்குப் போய்த் திரும்பியவர்கள் கொண்டுவந்த பணமும் நிலம் வாங்க உதவியது. மார்த்தா மால்ட் நாகர்கோவிலில் தொடங்கிய லேஸ் பின்னல் பள்ளியில் அடிமைப் பெண்கள் சிலர் தாங்கள் ஈட்டிய கூலியைக் கொண்டே தங்களை மீட்டுக்கொண்டனர்.

சபையின் அன்றாடம்

ஊர்ச் சபையை நடத்தியவர் போதகரல்ல, உபதேசியார். பகலில் பள்ளிக்கூடம், மாலையில் வீடு சந்திப்பு, இரவில் ஜெபக்கூட்டம், இடையில் தாசில்தாருக்கு மனு எழுதுவது. மனு எழுதத் தெரிந்த ஒருவர் ஊரில் இருக்கிறார் என்பதே நிலக்கிழாரை ஓரளவு அடக்கி வைத்தது.

பெண்களின் பங்கு பிடியரிசி. சோற்றுக்கு அரிசி அளந்து உலைக்குப் போடும்முன் ஒரு கைப்பிடி எடுத்துத் தனிக் கலயத்தில் இடுவார்கள். ஞாயிறன்று அதைத் துணியில் முடிந்து ஆலயத்துக்குக் கொண்டுவருவார்கள். அதை விற்ற காசு உபதேசியார் சம்பளத்துக்கும், ஓலைக்கூரை மாற்றுவதற்கும், சபையில் சாப்பாட்டுக்கு வழியில்லாத விதவைக்கும் போனது. அறுப்பின் பண்டிகையில் வாழைக்குலை, பலாப்பழம், மரச்சீனி, கோழி எல்லாம் ஏலத்துக்கு வரும். பத்து ரூபாய்ப் பொருள் நூறு ரூபாய்க்குப் போவது அன்று சாதாரணம். வெளிநாட்டுப் பணம் குறைந்தபின் சபைகள் தாங்களே நின்றது இவற்றால்தான்.

ஆராதனை மொழி முதலில் தமிழ். பின்னர் மலையாளம் மேலோங்கியது. நெய்யாற்றின்கரைக்கு அருகே திருபுறத்தில் 1847இல் பிறந்த மோசவத்சலம் சாஸ்திரியார் (இறப்பு 1916) மலையாளக் கீர்த்தனைகள் பல இயற்றியும் தமிழிலிருந்து பெயர்த்தும் இதற்கு வழிசெய்தார்.

சாதி சபைக்குள்ளும்

மூன்றாம் மனைவியாகத் தாழ்த்தப்பட்ட குடும்பத்து இந்தியப் பெண் ஒருவரை மணந்தபின் சார்லஸ் மீட் மிஷனை விட்டு விலக நேர்ந்தது. சமத்துவம் பேசிய சபையின் எல்லை அங்கே தெரிந்தது. நாடார் சபை, சாம்பவர் சபை என்ற பிரிவும், கல்லறைத் தோட்டத்துப் பிரிவும், சொந்தச் சாதிக்குள்ளேயே திருமணமும் நீடித்தன. கிறிஸ்தவத்துக்கு மாறிய தலித்துகளுக்கு 1950 குடியரசுத் தலைவர் ஆணை பட்டியல் சாதிச் சலுகையை மறுத்தது தனிச் சுமை.

இதே வட்டம் வேறு வழிகளையும் கண்டது. நாராயண குரு 1888இல் அருவிப்புரத்தில் சிவலிங்கம் நிறுவினார். வெங்ஙானூரில் 1863இல் பிறந்த அய்யன்காளி 1907இல் சாதுஜன பரிபாலன சங்கத்தைத் தொடங்கினார். பின்னர் ஊரூட்டம்பலம் பள்ளியில் புலையச் சிறுமி பஞ்சமியைச் சேர்க்க அவர் சென்றபோது பள்ளியே எரிக்கப்பட்டது. மதம் மாறாமலே நீதி கேட்க முடியும் என்று காட்டியவர் அவர். எனினும் தாழ்த்தப்பட்டோர் பிள்ளைகளுக்கு எழுத்தறிவிக்கும் பள்ளிகளை முன்பே நடத்தியது மிஷன்.

பிற சபைகள், பிற பணிகள்

நெய்யூர் மருத்துவமனைக்கு, 1922, 1924 எவரெஸ்ட் பயணங்களில் பங்குகொண்ட அறுவைச் சிகிச்சையாளர் ஹோவர்ட் சோமர்வெல் வந்து நெடுங்காலம் பணியாற்றினார். காரக்கோணத்துச் சி.எஸ்.ஐ. (தென்னிந்தியத் திருச்சபை) மருத்துவக் கல்லூரி அவர் பெயரைத் தாங்குகிறது. மார்த்தாண்டத்தில் ஒய்.எம்.சி.ஏ. கிராமப் புனரமைப்பு நிலையத்தை ஸ்பென்சர் ஹாட்ச் 1920களில் வளர்த்தார். வீட்டுக்கொல்லைத் தேன்பெட்டிகள் அங்கிருந்து பரவின. தேனீ வளர்ப்போர் கூட்டுறவுச் சங்கம் 1937இல் அமைந்தது. சால்வேஷன் ஆர்மியும் புலையரிடையே பணியாற்றியது. நெய்யாற்றின்கரை இலத்தீன் கத்தோலிக்க மறைமாவட்டம் 1996இலும் பாறசாலை மலங்கரைக் கத்தோலிக்க மறைமாவட்டம் 2017இலும் உருவாயின.

எல்லைக்குப் பின்

1956 நவம்பர் 1 அன்று தோவாளை, அகத்தீசுவரம், கல்குளம், விளவங்கோடு வட்டங்கள் சென்னை மாநிலத்துக்குச் சென்றன. நெய்யாற்றின்கரை கேரளத்தில் தங்கியது. 1959இல் தென்னிந்தியத் திருச்சபையின் இப்பகுதிப் பேராயமும் தென்கேரளம், கன்னியாகுமரி என இரண்டாகப் பிரிந்தது. உறவினர் ஒரே கல்லறைத் தோட்டத்தைப் பகிர்ந்தாலும் பேராயம் வேறு.

லண்டன் மிஷன் வழிச் சபைகள் 1908இல் தென்னிந்திய ஐக்கிய சபையாகி (எஸ்.ஐ.யு.சி.) 1947இல் தென்னிந்தியத் திருச்சபையில் கரைந்தன. ஆயினும் கேரள அரசின் இட ஒதுக்கீட்டுப் பட்டியலில் 'எஸ்.ஐ.யு.சி. நாடார்' என்ற பிரிவு இன்றும் உள்ளது. மற்றச் சபைகளைச் சேர்ந்த கிறிஸ்தவ நாடார்களையும் பிற்படுத்தப்பட்டோரில் சேர்த்து 2021 பிப்ரவரியில் வந்த அரசாணையை அதே ஆண்டு உயர் நீதிமன்றம் நிறுத்திவைத்தது. சபை நிறுவனங்களும் கேள்விக்குள்ளாயின: காரக்கோணம் மருத்துவக் கல்லூரியில் மாணவர் இடங்களுக்குப் பணம் பெற்றதாக எழுந்த புகாரில் 2022 ஜூலையில் அமலாக்கத் துறை சோதனை நடத்தியது. மறுபுறம், மறைமாவட்டச் சமூகசேவைச் சங்கங்கள் சுயஉதவிக் குழுக்களையும் வீடு கட்டும் திட்டங்களையும் நடத்துகின்றன.